பெருக்கல் குறி

கைநாட்டு வைக்க வருகிறவர்களின் விரலைப் பிடித்து மை அட்டையில் அழுத்தும் காரியத்தைப் பதினொரு வருஷமாகச் செய்துவருகிறேன். தாங்களாகவே வைக்கச் சொன்னால் ரேகை இழுபட்டுவிடும். ஆகவே நாம்தான் பிடித்து உருட்ட வேண்டும். ஒரு ஆயுட்கால உழைப்பு ஏறிய கை நம் கையில் சற்று நேரம் பேச்சில்லாமல் கிடக்கும். பிறகு விரலைத் துடைத்துக்கொள்ளப் பழைய சலான் தாள் ஒன்றைக் கொடுப்போம். சிலர் துடைப்பதற்கு முன்னால் அந்தத் தாளில் அச்சாகியிருப்பதை உதடு அசையப் படிப்பார்கள். படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது. இப்படி ஒரு ஜாதி மனிதர்கள் உண்டு என்பதை என்னோடு வேலை பார்க்கிறவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. அவர்களுக்கு எழுத்தறிவு என்பது இரண்டும் சேர்ந்து பொட்டலம் கட்டிய ஒரே சாமான்.

என் அம்மா அந்த ரகம். தினசரியை முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரை வாசிப்பாள். கையெழுத்து என்றால் பெருவிரலை நீட்டுவாள். அவள் வளர்ந்தது அவளுடைய மாமன் வீட்டில். அங்கே சிலேட்டு ஒன்றுதான் இருந்தது, அது மாமன் பையனுக்கு. அவன் எழுதுவதை எதிரே உட்கார்ந்து பார்த்து இவள் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டாள். எதிரே உட்கார்ந்து பார்த்ததால் ரொம்ப நாள் எழுத்துக்களைத் தலைகீழாகத்தான் தனக்குப் படிக்க வந்தது என்று சொல்வாள். வேடிக்கைக்குச் சொல்கிறாளா, நிஜமா என்று நான் கேட்டதில்லை.

ஆபிரஹாம் லிங்கனின் தாயார் நான்ஸி ஹாங்க்ஸும் இப்படித்தான் என்று தெரியவந்தபோது ஏற்பட்ட உறவு உணர்ச்சியில்தான் இந்தக் கட்டுரை ஆரம்பமாகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விமர்சகனுக்கு இது அழகில்லைதான். பி.ஏ. வகுப்பில் லிங்கன் எனக்கு ஒரு வசனகர்த்தாவாகத்தான் அறிமுகமானார். 1863-இல் கெட்டிஸ்பர்க்கில் அவர் பேசியதை உரைநடைக்கு மாதிரியாக வைத்துப் பாடம் நடத்தினார்கள். அம்மாவைப் பற்றி அவர் சொன்னதாக ஒரு வாசகம் பள்ளிக்கூடச் சுவரிலும் டைரி அடிப்பக்கத்திலும் ஏற்கெனவே பார்த்திருந்தேன். தான் இன்று என்னவாக இருந்தாலும், நாளை என்னவாக ஆனாலும் எல்லாம் அவள் கொடுத்தது என்ற அர்த்தம் வருவது. கிராமத்துக் குடிசை, கணப்பு வெளிச்சத்தில் பைபிள், மடியில் சிறுவன். இந்தப் படத்துக்குள் அந்த வாசகத்தை வைத்துப் பார்ப்பதில் யாருக்கும் சிரமம் இருந்ததில்லை.

அந்த வாசகம் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் படம் கலைந்துவிடுகிறது.

லிங்கனின் வக்கீல் தொழில் கூட்டாளி ஹெர்ண்டன். லிங்கன் செத்த பிறகு அவரைத் தெரிந்தவர்களையெல்லாம் தேடிப் போய் விசாரித்துக் குறித்து வைத்தவர். 1889-இல் வெளிவந்த அவருடைய ஜீவிய சரித்திரத்தில் இது வருகிறது. ஏறக்குறைய 1850-இல் ஒரு நாள் இருவரும் ஒற்றைக் குதிரை வண்டியில் மெனார்ட் கவுண்டி கோர்ட்டுக்குப் போகிறார்கள். எடுத்துக்கொண்ட வழக்கில் பரம்பரைக் குணங்கள் பற்றிய பேச்சு வரும்போலிருக்கிறது. வழியில் லிங்கன் தன் தாயாரைப் பற்றிப் பேசுகிறார், முதல் தடவையாக. அவள் லூஸி ஹாங்க்ஸ் என்பவளுக்கு மணமில்லாமல் பிறந்த பெண் என்கிறார். தகப்பன் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஒரு நல்ல குடும்பத்துப் பண்ணைக்காரர். பெயர் சொல்லவில்லை. தன்னுடைய அலசிப் பார்க்கும் புத்தி, தர்க்கம், மேலே வரவேண்டும் என்ற துடிப்பு, ஹாங்க்ஸ் குடும்பத்து மற்றவர்களிடமிருந்து தன்னைப் பிரிக்கிற எல்லாமே, அந்தப் பெயரில்லாத வர்ஜீனியாக்காரரிடமிருந்து வந்தவை என்று வாதிக்கிறார். அதன் தொடர்ச்சியாகத்தான் தாய்க்கு எல்லாம் கடன்பட்டவன் என்ற வாசகம் வருகிறது. பிறகு வண்டியில் மௌனம்.

அதாவது வாசகத்தின் சூழலில் வைத்துப் படித்தால் அது தாயைப் பற்றியதே அல்ல. அவள் வழியாக வந்த ஒருவனைப் பற்றியது. அவள் ஒரு வாய்க்கால். தண்ணீர் எங்கேயோ மலையில். முப்பத்தொன்பது வருஷம் கழித்து அச்சேறிய பேச்சு இது, ஹெர்ண்டனுடைய ஞாபகத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பதைத் தள்ளிவிடவில்லை. ஆனாலும் லிங்கன் கைப்பட எழுதியதில் இந்தச் சாயலே இருக்கிறது. 1859-இல் ஜெஸ்ஸி ஃபெல் என்பவருக்காக எழுதிக் கொடுத்த சின்னச் சுயசரிதைக் குறிப்பில் தாயைப் பற்றி இருப்பது ஒரு வாக்கியம். தனக்குப் பத்தாவது வயசு நடக்கையில் அவள் இறந்தாள், ஹாங்க்ஸ் என்று பெயர் கொண்ட குடும்பத்தவள் என்கிறார். நான்ஸி என்ற சொல் அதில் கிடையாது. அடுத்த வருஷம் தேர்தலுக்காக எழுதிய நீண்ட குறிப்பில்தான் அந்தப் பெயர் வருகிறது. இப்படி எழுதியவர் கல்நெஞ்சக்காரர் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் அடுத்த கேள்வி வரும் என்று தெரிந்தவருடைய வாக்கியம் அது. படிவம் நிரப்புகிறவனுக்கு இது புரியும்.

நான்ஸியின் இளமைப் பருவம் என்று நமக்கு எஞ்சியிருப்பது பிறருடைய தஸ்தாவேஜுகள். 1784-இல் அன்றைய வர்ஜீனியாவின் மேற்குக் கோடி மலைப் பகுதியில் பிறக்கிறாள். அந்த வருஷம் மார்ச்சில் அவளுடைய தாத்தா ஜோசப் ஹாங்க்ஸ் தன்னுடைய 108 ஏக்கரை 21 பவுண்டு 9 ஷில்லிங்குக்கு அடமானம் வைத்துவிட்டு, குடும்பத்தோடு கெண்டக்கிப் பக்கம் கிளம்புகிறார். அடமானப் பத்திரம் பதிவாகியிருக்கிறது. ஒரு குழந்தை அந்த வீட்டில் இருந்தது என்பதைப் பத்திரம் ஏன் சொல்லப்போகிறது?

லூஸி அடுத்து நமக்குக் கிடைப்பது கோர்ட் ரெக்கார்டில். 1789 நவம்பரில் கெண்டக்கியின் மெர்ஸர் கவுண்டியில் கிராண்ட் ஜூரி அவள் மேல் ஒழுக்கக்கேடு என்று குற்றம் சாட்டுகிறது. நான்ஸிக்கு அப்போது ஐந்து வயசு. கோர்ட் அழைக்கும் பெண்ணின் குழந்தைக்குச் சுற்றிலும் என்னென்ன காதில் விழும் என்பதைக் கற்பனை செய்ய ஆராய்ச்சி தேவையில்லை. அதற்கடுத்த வருஷம், 1790 ஏப்ரல் 26 தேதியிட்ட ஒரு காகிதம். இந்தச் சரித்திரம் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தமான பிரதி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். லூஸி தன் கையாலேயே, கண்டபடி எழுத்துக்கூட்டி எழுதியது. தனக்கு வயசு வந்துவிட்டது, ஹென்றி ஸ்பாரோ கல்யாண லைசென்ஸை அன்றைக்கோ வேறு எந்த நாளிலோ எடுத்துக்கொள்ளத் தனக்குப் பூரண சம்மதம், இவ்வளவுதான் விஷயம். அந்த 'வேறு எந்த நாளிலோ' என்பதைக் கவனியுங்கள். சட்டத்துக்கு அது தேவையில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் ஜூரி பெயர் எழுதி வைத்த பெண், தன்னைக் கட்டிக்கொள்ள வந்திருப்பவனுக்கு அவகாசம் கொடுக்கிறாள். கெஞ்சலா, மிடுக்கா? எனக்கு மிடுக்காகத்தான் கேட்கிறது. கல்யாணம் நடந்தது ஒரு வருஷம் கழித்து, 1791 ஏப்ரலில். அதற்குப் பிறகு லூஸி ஸ்பாரோவுக்கு எட்டுக் குழந்தைகள். மகன்களில் இருவர் மதப் பிரசங்கிகள் ஆனார்கள்.

அம்மாவுக்கு எழுதத் தெரிந்திருந்தது, மகளுக்குத் தெரியவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை ஏறுமுகம் என்ற நம் நம்பிக்கையை இந்த இடத்தில் கொஞ்சம் ஓரமாக வைக்கலாம். நான்ஸி தாயோடு வளரவில்லை. லூஸியின் தங்கை எலிசபெத், ஹென்றி ஸ்பாரோவின் சகோதரன் தாமஸைக் கட்டியிருந்தாள். அந்தச் சித்தி வீட்டில் வளர்ந்தாள். ஊரில் சிலருக்கு அவள் நான்ஸி ஸ்பாரோ. கல்யாணத்தின்போது வாஷிங்டன் கவுண்டியில் பெர்ரி என்ற குடும்பத்தாரின் வீட்டில் இருக்கிறாள். தையல் வேலையில் கெட்டிக்காரி என்று பெயர். வீடு மாறி வீடு போகும் பெண்ணுக்குத் தையல் தெரிந்திருப்பது ஆச்சரியமில்லை. சாப்பாட்டுக்கு ஈடாக எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும்.

இங்கேதான் ஜீவிய சரித்திரக்காரர்கள் உள்ளே வருகிறார்கள். ஹெர்ண்டனின் குறிப்புகளை வைத்து 1872-இலேயே லாமன் என்ற இன்னொரு நண்பரின் பெயரில் ஒரு சரித்திரம் வந்து, நாட்டுக்குப் பெரிய அதிர்ச்சி. தியாகியாகச் செத்த ஜனாதிபதியின் தாயாருக்குத் தகப்பன் இல்லை என்பதா? 1899-இல் கரோலின் ஹாங்க்ஸ் ஹிட்ச்காக் என்ற அம்மையார் நான்ஸியைப் பற்றியே ஒரு சிறு புத்தகம் போட்டார். அவர் கண்டெடுத்த சாட்சியம் ஜோசப் ஹாங்க்ஸின் 1793-ஆம் வருஷத்து உயில். மகன்களுக்கு ஆளுக்கொரு குதிரை, மகள்களுக்கு ஆளுக்கொரு கிடாரி என்று எழுதிவைத்திருக்கிறார் ஜோசப். ஒவ்வொரு மிருகத்தின் பெயரும் இருக்கிறது. நான்ஸி என்ற மகளுக்குப் பீடி என்ற கிடாரி. ஆக நான்ஸி ஜோசப்பின் முறையான கடைசி மகள், களங்கமில்லை, விஷயம் முடிந்தது என்றார் அம்மையார்.

முடியவில்லை. 1920-களில் வில்லியம் பார்ட்டன் என்பவர் காகிதங்களை மறுபடி வரிசைப்படுத்தினார். உயிலில் வரும் நான்ஸி வேறு நான்ஸி, நம்முடையவளின் சித்தி. அவளும் மணமாகாமல் 1799-இல் ஒரு மகனைப் பெற்றாள், டென்னிஸ் ஹாங்க்ஸ். உயிலை மறுபடி எடுத்துப் படித்தால் தெரிகிறது, அதில் லூஸிக்கு ஒன்றும் இல்லை. கிடாரி இல்லை, பெயரும் இல்லை. பீடிக்குப் பெயர் இருக்கிறது.

பார்ட்டன் காலத்திலேயே லூயி வாரன் என்ற ஆய்வாளர் வேறு வழி பார்த்தார். லூஸி ஹாங்க்ஸ் வீட்டில் பிறந்தவளே இல்லை, ஷிப்லி வீட்டில் பிறந்து ஹாங்க்ஸ் ஒருவனைக் கட்டி விதவையானவள் என்பது அவர் கட்சி. இப்படி இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு நூற்றாண்டு சண்டை. 2015-இல் தாய்வழியாக மட்டுமே இறங்கிவரும் மரபணுவை வைத்துச் சோதித்துச் சொன்னார்கள்: லூஸி ஜோசப் ஹாங்க்ஸின் மனைவி ஆன் லீயின் மகள்தான். பிறந்த வீட்டுப் பெயரையே நான்ஸி சுமந்தாள். ஹெர்ண்டன் சொன்னதோடு இது பொருந்துகிறது. இந்த மரபணு எந்தத் தகப்பனையும் கண்டுகொள்வதில்லை. வர்ஜீனியாக்காரரைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

ஹிட்ச்காக் அம்மையாரை எள்ளி நகையாடுவது சுலபம். நானும் ஒரு காலத்தில் செய்திருப்பேன். எனக்கு அதைவிட டென்னிஸ் ஹாங்க்ஸ் முக்கியமாகப் படுகிறார். ஹெர்ண்டன் விசாரித்தபோது டென்னிஸ் அடித்துச் சொன்னார், லிங்கனின் தாயார் ஹாங்க்ஸே அல்ல, ஸ்பாரோ என்று. அவரும் அதே தாமஸ், எலிசபெத் வீட்டில் வளர்ந்தவர். தனக்குத் தகப்பன் பெயர் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அவளுக்கு ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தாரா? சாட்சியம் என்ற வகையில் இது பொய். வேறு எந்த வகையில் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

1806 ஜூன் 12-இல் நான்ஸி தாமஸ் லிங்கனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இரண்டு நாள் முன்பு எழுதிய உறுதிப் பத்திரத்தில் ரிச்சர்ட் பெர்ரி கையெழுத்திட்டு, பக்கத்தில் கார்டியன் என்று எழுதப் புறப்பட்டு, கார்டன் என்று எழுத்துக்கூட்டிவிட்டிருக்கிறார். பாதுகாவலர் தோட்டமாகிவிட்டார். இந்தக் காகிதங்களும் லிங்கன் செத்துப் பதின்மூன்று வருஷம் கழித்து, 1878-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தன. அதுவரைக்கும் எல்லோரும் பக்கத்து ஹார்டின் கவுண்டியில் தேடிக்கொண்டிருந்தார்கள். அங்கே கிடைக்காததால் லிங்கனின் பெற்றோருக்கே கல்யாணம் ஆகவில்லை என்று வதந்தி கிளம்பியிருந்தது. பக்கத்து ஆபீஸின் அலமாரியைத் திறந்து பார்க்காததால் ஏற்படும் களங்கங்கள் உண்டு. என் அனுபவத்தில் நிறையவே உண்டு.

1814-இல் கெண்டக்கி நிலம் ஒன்றை விற்றபோது தாமஸ் லிங்கன் கஷ்டப்பட்டுத் தன் பெயரை எழுதினார். நான்ஸி ஒரு பெருக்கல் குறி போட்டாள். குறியைச் சுற்றி அவள் பெயரை எழுத்தர் எழுதினார், இன்றும் கைநாட்டைச் சுற்றி நாங்கள் எழுதுவதுபோல. அவளுடைய கை காகிதத்தில் விட்டுச்சென்றது அப்படிப்பட்ட கோடுகள்தான். புகைப்படம் கிடையாது. ஹெர்ண்டனுக்குச் சாட்சி சொன்னவர்கள் உயரம் என்றார்கள், நடுத்தரம் என்றார்கள், கறுப்பு என்றார்கள், வெளுப்பு என்றார்கள். துக்கம் படிந்த முகம் என்பதில் மட்டும் பலரும் ஒத்துப்போகிறார்கள், அதுகூட மகனின் முகத்தைப் பார்த்த பிற்பாடு சொன்னதாக இருக்கலாம். 1818-இல் இண்டியானாவில், விஷச் செடி தின்ற பசுவின் பால் குடித்து வரும் நோயில் முதலில் தாமஸ் ஸ்பாரோவும் எலிசபெத்தும் போனார்கள். அக்டோபர் 5-இல் இவள். முப்பத்துநாலு வயசு. பெட்டிக்கு ஆணியாக மரக் குச்சிகளைச் சீவிக் கொடுத்தது ஒன்பது வயசு மகன். கல்லறையில் பெயர் பொறித்த கல் நட 1879 ஆயிற்று.

அப்பா காலமான பிறகு அம்மா பெயருக்குக் குடும்ப பென்ஷன் வரவேண்டியிருந்தது. பான் கார்டு கேட்டார்கள். அந்தப் படிவத்தில் ஒரு விசேஷம், மணமான பெண்ணானாலும், விதவையானாலும் தகப்பனார் பெயரைத்தான் எழுத வேண்டும். கணவர் பெயர் செல்லாது. எங்கள் கவுண்ட்டரில் எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில், அம்மா எதிரே உட்கார்ந்திருக்க, அந்தக் கட்டத்துக்கு வந்து பேனா நின்றது. ஆச்சி யாரைப் பற்றியும் எதுவும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு கிடையாது. எல்லோருக்கும் தெரியும் என்பதாலேயே கிடையாது.

2018 டிசம்பரிலிருந்து ஒரு சலுகை இருக்கிறது. தாய் தனியாக வளர்த்தவள் என்றால் தாய் பெயரை மட்டும் கொடுத்தால் போதும், ஒரு கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். நான் இதை விளக்க ஆரம்பித்தேன். படித்தவன் தோரணையில், கொஞ்சம் உற்சாகமாகவே. இதிலே வெட்கப்பட ஒன்றும் இல்லை, சர்க்காரே ஒப்புக்கொண்டுவிட்டது என்கிற மாதிரி. நான்ஸி ஹாங்க்ஸைப் பற்றி வேறு அப்போதுதான் படித்திருந்தேன். அம்மா படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்தத் தமிழ் மொழிபெயர்ப்புத் தாளை உதடு அசையப் படித்தாள். நான் சொன்னதைச் சரிபார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். பிறகு என் பக்கமே திருப்பி வைத்தாள்.

"மாமா பேரைப் போடு ஐயா" என்றாள்.

"அது தப்பும்மா."

"தப்புத்தான். சோறு போட்டாருல்லா."

போட்டேன். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், கட்டத்துக்கு ஒன்றாக. மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்ற வரிக்குக் கீழே அவள் விரலை நான்தான் பிடித்து உருட்டினேன். நோட்டரியிடம் சான்றொப்பம் வாங்கியதும் நான்தான். ஹிட்ச்காக் அம்மையார் ஒரு கிடாரியின் பெயரைப் பிடித்துக்கொண்டு செய்த காரியத்தை விடவும் இது மோசம். அவர் நம்பிச் செய்தார்.

மூன்று வாரத்தில் கார்டு வந்தது. வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் அம்மா யாரையும் கேட்காமல் தானே படித்துக்கொள்வாள். இதில் இருப்பது இங்கிலீஷும் ஹிந்தியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். அவள் பெயரைப் படித்தேன். அதற்குக் கீழே இருந்ததைப் படித்தேன். மாமாவின் பெயரில் ஒரு எழுத்து மாறி விழுந்திருந்தது. நான் எழுதியது சரியாகத்தான் இருந்தது, ஏற்றியவர்கள் தவறு. சொன்னேன். திருத்தத்துக்கு எழுதிப் போடலாம், பதினைந்து நாள் ஆகும் என்றேன்.

"என்னன்னு விழுந்திருக்கு, இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

சொன்னேன்.

"அப்படி ஒரு ஆளு இல்லையே" என்று சிரித்தாள். கார்டை வாங்கி, அப்பாவின் பென்ஷன் புத்தகம் இருக்கிற தகர டப்பாவில் போட்டு மூடினாள்.